குளிர்காலத்தில் மில்ஃபோர்ட்: கேம்பர்வேனை ஓட்டிச் செல்வதா, டே அனாவில் நிறுத்திவிடுவதா?

நியூசிலாந்தின் தென்தீவில் கேம்பர்வேன் (படுக்கையும் சமையல் வசதியும் உள்ள வண்டி) வாடகைக்கு எடுத்து, ஃபியோர்ட்லாந்தின் மலைகளையும், பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்து உருவான ஃபியோர்டுகளையும் பார்க்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான அந்நாட்டுக் கோடையைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் சிங்கப்பூரின் ஜூன் விடுமுறையையோ, தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறையின் கடைசி வாரங்களையோ வைத்துத் திட்டமிடும் தமிழ்க் குடும்பங்களுக்கு அங்கே காத்திருப்பது குளிர்காலத்தின் தொடக்கம். அந்தப் பருவத்தில் எடுக்க வேண்டிய முதன்மையான முடிவு ஒன்றுதான்: மில்ஃபோர்ட் சவுண்டு என்னும் ஃபியோர்டுக்கு வேனை நாமே ஓட்டிச் செல்வதா, டே அனாவ் ஊரில் வேனை நிறுத்திவிட்டுப் பேருந்தில் செல்வதா, அல்லது மில்ஃபோர்டை விட்டுவிட்டு மானபூரி என்னும் ஊர் வழியாக டவுட்ஃபுல் சவுண்டு என்னும் இன்னொரு ஃபியோர்டுக்குச் செல்வதா என்பது. கோடையில் முதல் வழியே மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. குளிர்காலத்தில் கணக்கு மாறுகிறது; எவ்வாறு மாறுகிறது என்பதைப் பார்ப்போம்.

குளிர்காலத்தில் போகவே வேண்டுமா என்று தயங்குபவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். மில்ஃபோர்டில் ஆண்டுக்கு ஆறாயிரத்து ஐந்நூறு மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. உலகில் மக்கள் வாழும் இடங்களில் மிக அதிக மழை பெறுபவற்றுள் அதுவும் ஒன்று. அந்த மழை ஒப்பளவில் குறைவாக இருப்பது ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில்தான். வானம் வெளுத்த நாளில், நீரிலிருந்து நேராக எழுந்து ஏறத்தாழ 1,690 மீட்டர் உயரம் நிற்கும் மைட்டர் சிகரம் பனி போர்த்திய தலையுடன் முழுமையாகத் தெரியும். கோடையில் கடித்தே விரட்டும் மணல் ஈக்களும் குறைந்திருக்கும். படகுத்துறையில் நெரிசல் இராது. வேன் வாடகையும் ஜனவரியைக் காட்டிலும் கணிசமாகக் குறைவு. ஆகவே பருவம் தவறானதன்று. அந்தப் பருவத்தில் சாலை நடந்துகொள்ளும் விதம்தான் வேறு.

டே அனாவிலிருந்து மில்ஃபோர்டுக்குச் செல்லும் 94-ஆம் எண் மாநில நெடுஞ்சாலை ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நீளமுள்ளது. முதற்பகுதி ஏரிக்கரையையும் எக்லின்டன் பள்ளத்தாக்கின் புல்வெளிகளையும் ஒட்டிச் சமமாகச் செல்கிறது. பிறகு பீச் (beech) மரக்காடுகளுக்குள் நுழைந்து, டிவைட் என்னும் தாழ்வான கணவாயைக் கடந்து, ஹாலிஃபோர்ட் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் ஏறி, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 945 மீட்டர் உயரத்தில் ஹோமர் சுரங்கப்பாதையின் கிழக்கு வாயிலை அடைகிறது. 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கம் மில்ஃபோர்டை நோக்கிப் பத்துக்கு ஒன்று என்ற அளவில் சரிகிறது. கோடை நெரிசலில் போக்குவரத்து விளக்கு வைத்து ஒரு நேரத்தில் ஒரு பக்க வாகனங்களை மட்டும் விடுவார்கள். குளிர்காலத்தில் வாயிலருகே வண்டிகள் வரிசையாக நிற்பதே ஆபத்து என்பதால், பொதுவாக விளக்கின்றி இரு திசை வாகனங்களும் எதிரெதிரே கடக்கும். குறுகலான சுரங்கத்துக்குள், சரிவில், எதிரே ஒரு பேருந்து வரும் அந்தச் சில நிமிடங்களை அகலமான வேனை முதன்முறை ஓட்டுபவர் விரும்ப மாட்டார்.

வாயிலருகே நிற்பதே ஆபத்து என்று சொல்வதற்குக் காரணம் பனிச்சரிவு. 1935-இல் சுரங்கப் பணி தொடங்கிய பின், 1936-லும் 1937-லும் நிகழ்ந்த பனிச்சரிவுகளில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். இடையில் போர்க்காலத் தடங்கலும் சேர்ந்துகொள்ள, 1954-இல்தான் சுரங்கம் பொதுப் போக்குவரத்துக்குத் திறந்தது. 1983-இல் சாலைப் பணியில் இருந்த ஒருவர் பனிச்சரிவில் இறந்ததற்குப் பிறகே இன்றுள்ள கண்காணிப்பு முறை உருவானது. மலையுச்சியில் கருவிகள் வைத்துப் பனியின் அடுக்குகளை ஆராய்வது, ஆபத்து கூடினால் சாலையை மூடுவது, ஹெலிகாப்டரிலிருந்து வெடிமருந்து போட்டுப் பனியை முன்கூட்டியே சரியச்செய்வது, விழுந்ததை அகற்றிய பின் சாலையைத் திறப்பது என்று அது இயங்குகிறது. இதனால் சாலை இன்று நம்பத்தக்க அளவு பாதுகாப்பானது. ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு விலை நிச்சயமின்மை: காலையில் தாமதமாகத் திறக்கலாம், மாலையில் முன்னதாக மூடலாம், பெரும்பனி பெய்தால் தொடர்ந்து சில நாள்கள் மூடியே கிடக்கலாம்.

வேனை நாமே ஓட்டிச் செல்வதன் சாதக பாதகங்களைக் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். ஜூன் இறுதியில் டே அனாவில் சூரியன் காலை எட்டரை மணியளவில் எழுந்து, மாலை ஐந்து மணியை ஒட்டி மறைந்துவிடுகிறது. இரவில் உறைந்த சாலை இளகவும், தூவப்படும் சரளையும் உறைவெதிர்ப்புக் கரைசலும் வேலை செய்யவும் நேரம் கொடுத்து ஒன்பது மணிக்குப் புறப்பட்டால், இரண்டரை மணி நேர ஓட்டத்துக்குப் பின் நண்பகலை ஒட்டி மில்ஃபோர்டை அடையலாம். படகுப் பயணம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். இருட்டுவதற்கு முன் சுரங்கத்தையும் மேல் ஹாலிஃபோர்டையும் கடந்துவிட வேண்டுமென்றால் இரண்டரை அல்லது மூன்று மணிக்குள் திரும்பியாக வேண்டும். இந்தக் கணக்கில், விரும்பிய இடத்தில் விரும்பிய நேரம் நிற்கலாம் என்ற கேம்பர்வேனின் தலையாய சுதந்திரத்துக்கு இடமே இல்லை. மிரர் ஏரிகளில் பத்து நிமிடம், கியா என்னும் மலைக்கிளிகள் அலையும் மங்கி ஓடையருகே பத்து நிமிடம் என்று பேருந்துப் பயணி நிற்பது போலத்தான் நாமும் நிற்போம்.

அதைவிட முக்கியமாக, சாலையின் மிக அழகான பகுதியில், அதாவது சுரங்கத்தின் இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர்கள் எழும் இடத்தில், பனிச்சரிவுப் பருவத்தில் வாகனத்தை நிறுத்தவே கூடாது என்று பலகைகள் எச்சரிக்கின்றன. ஓட்டுநருக்கோ, நிழல் விழும் வளைவுகளில் கண்ணுக்குத் தெரியாத உறைபனிப் படலத்தைத் தேடிக்கொண்டே போக வேண்டியிருப்பதால், நிமிர்ந்து பார்க்க நேரம் கிடைப்பதில்லை. மே முதல் நவம்பர் வரை அறிவிப்புப் பலகை கேட்கும் நாள்களில் டயர்ச் சங்கிலி இல்லாமல் அந்தப் பகுதிக்குள் போக முடியாது. சங்கிலியைப் பூட்டச் சொன்னால், கொட்டும் பனியில் மண்டியிட்டுப் பூட்டவும் தெரிந்திருக்க வேண்டும். சங்கிலி உந்து சக்கரங்களில் பூட்டப்பட வேண்டியது. டொயோட்டா ஹைஏஸ் போன்ற பழைய பாணி வேன்களில் அது பின்சக்கரம், பெரிய வேன்கள் சிலவற்றில் முன்சக்கரம். வண்டியைப் பெற்றுக்கொள்ளும் இடத்திலேயே ஒருமுறை பூட்டிக் கழற்றிப் பழகாதவர்கள் இந்த வழியைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பது நல்லது. வாடகை ஒப்பந்தத்தையும் படித்தாக வேண்டும். குளிர்காலத்தில் மில்ஃபோர்ட் சாலையில் காப்பீடு செல்லுபடியாகுமா, சங்கிலி அவர்களே தருவார்களா என்பவை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்.

இவ்வளவு சொன்னாலும், வேனை உள்ளே கொண்டுசெல்வதற்கு வலுவான நியாயம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. எக்லின்டன் பள்ளத்தாக்கில் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் முகாமிடங்கள் பல உள்ளன. அவற்றுள் பெரியதான காஸ்கேட் கிரீக், டே அனாவிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில், சாலை மலையேறத் தொடங்குவதற்கு முன்பே வந்துவிடுகிறது. அங்கே இரவு தங்குபவர்களுக்குக் காலையில் ஓட்ட வேண்டிய தொலைவு பாதிக்கும் குறைவு. பள்ளத்தாக்கின் தரையில் வெண்பனி படிந்திருக்க, சிகரங்களின் மேல் முதல் வெயில் படுவதைப் பேருந்துகள் வருவதற்கு முன்பே தனியாகப் பார்க்கலாம். கன் ஏரியை ஒட்டிய காட்டு நடைபாதையும் அருகிலேயே இருக்கிறது. ஆனால் அங்கே மின் இணைப்பு இல்லை, கைப்பேசிக்கு அலைவரிசையும் கிடைக்காது. இரவில் வெப்பநிலை உறைநிலைக்குப் பல பாகை கீழே இறங்கும். அதனால் அந்த இரவின் தரம் முழுக்க முழுக்க வேனின் ஹீட்டரைப் பொறுத்தது. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மில்ஃபோர்டிலேயே தங்குவது இன்னொரு வழி. அங்கே சாலையோரத்தில் வேனை நிறுத்தித் தூங்க அனுமதி கிடையாது. விடுதி ஒன்றின் வளாகத்தில் மின் இணைப்புடன் கூடிய சில இடங்கள் மட்டுமே உண்டு, அவற்றை முன்பதிவு செய்தாக வேண்டும். காலை முதல் படகில் ஏறலாம் என்பது கவர்ச்சியாகத் தோன்றும். குளிர்காலத்தில் எனக்கு அது பெரிய ஆதாயமாகப் படவில்லை. ஜூன் மாத நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 22 பாகை அளவே உயர்கிறது. ஆயிரம் மீட்டருக்கு மேல் எழும் பாறைச் சுவர்களுக்கு இடையே காலைப் படகு பெரும்பாலும் நிழலில்தான் போகும். வெளிச்சத்துக்கு நடுப்பகல் படகே மேல். மேலும், நாம் உள்ளே இருக்கும்போது சாலை மூடிவிட்டால் வெளியே வர வேறு சாலை கிடையாது. ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரண்டு மூன்று நாள்களில் இந்த வழியை வைத்துக்கொள்வது அறிவுடைமை ஆகாது.

டே அனாவில் வேனை நிறுத்திவிட்டுப் பேருந்தில் போவதைப் பலர் தோல்வியாகக் கருதுகிறார்கள். வேன் எடுத்துவிட்டுப் பேருந்தில் போவதா என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானதுதான், ஆனால் அது வேனின் பயனைத் தவறாக எடைபோடுகிறது. குளிர்காலத்தில் வேன் முதலில் வீடு, பிறகே வாகனம். ஏரிக்கரை ஹாலிடே பார்க்கில் (கட்டண முகாமிடத்தில்) மின் இணைப்புள்ள இடத்தில் அதை நிறுத்தினால், இரவு முழுவதும் வெப்பம் கிடைக்கிறது, வெந்நீரில் குளிக்கலாம், துணி உலர்த்தலாம், பருப்பும் சோறும் வேகவைத்துச் சூடாக உண்ணலாம். காலையில் அந்தச் சாலையை அன்றாடம் ஓட்டும் ஓட்டுநர் சங்கிலியோடும் வானொலித் தொடர்போடும் வந்து ஏற்றிச் செல்கிறார். பெரிய கண்ணாடிகளும், சில பேருந்துகளில் கண்ணாடிக் கூரையும் உள்ளதால், நிறுத்தக் கூடாத பகுதியில் எல்லாரும், வழக்கமாக ஓட்டுநர் இருக்கையில் இருப்பவர் உட்பட, தலை தூக்கிப் பார்க்க முடிகிறது. படகுக் கட்டணத்தோடு சேர்த்து ஆளுக்கு ஆள் பணம் கட்ட வேண்டியிருப்பது இதன் குறை. இருவருக்கு, டீசல் செலவையும் டீசல் வண்டிகளுக்குக் கிலோமீட்டர் கணக்கில் விதிக்கப்படும் சாலைக் கட்டணத்தையும் கழித்துப் பார்த்தால் வேறுபாடு பொறுக்கக்கூடியதே. நான்கைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு அது கனமான தொகை. சாலை மூடினால் பேருந்தும் போகாது என்பது உண்மைதான். ஆனால் அந்த முடிவை எடுக்கும் பொறுப்பு நம்மிடம் இல்லை, வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளும் வசதியும் பெரும்பாலும் உண்டு.

குயின்ஸ்டவுனிலிருந்தே ஒருநாள் பேருந்தில் சென்று திரும்புவது, வேன் இல்லாதவர்களுக்கான ஏற்பாடு. போக வர பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். குளிர்காலத்தில் பயணத்தின் முதற்பகுதியும் கடைசிப்பகுதியும் இருட்டிலேயே கழியும். சிறு விமானத்தில் பறப்பது அற்புதமான காட்சி தரும், ஆனால் மேகம் சற்றுத் தாழ்ந்தாலும் ரத்தாகிவிடும். இரண்டையும் வேன் பயணிகள் விட்டுவிடலாம்.

டவுட்ஃபுல் சவுண்டைப் பலர் இரண்டாந்தரமாக நினைப்பது வியப்பளிக்கிறது. மில்ஃபோர்ட் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளம். டவுட்ஃபுல் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளமும், கைகளாகப் பிரியும் பல கிளைகளும், 400 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழமும் கொண்டது. மில்ஃபோர்டின் பாறைச் சுவர்கள் ஒரே பார்வையில் மலைக்க வைப்பவை. டவுட்ஃபுல்லில் அந்த உடனடி வியப்பு குறைவு, ஆனால் படகின் எந்திரத்தை அணைத்துவிட்டால் அருவியொலி தவிர வேறேதும் கேட்காத தனிமை உண்டு. புட்டிமூக்கு ஓங்கில்கள் (டால்பின்கள்) அங்கே நிலையாக வாழ்கின்றன. மழைநீர் காட்டு மண்ணின் நிறத்தை ஏந்தி வந்து கடல்நீரின் மேல் தனி அடுக்காக மிதப்பதால் ஒளி கீழே அதிகம் இறங்குவதில்லை. அதனால் ஆழ்கடலில் வளர வேண்டிய கருப்புப் பவளம் இந்த ஃபியோர்டுகளில் மேலோட்டமான ஆழத்திலேயே வளர்கிறது.

நம் ஒப்பீட்டுக்கு அதைவிட முக்கியமானது அங்கே செல்லும் வழி. மானபூரி, டே அனாவிலிருந்து இருபது கிலோமீட்டர் அளவே. அங்கே வேனை நிறுத்திவிட்டு, படகில் மானபூரி ஏரியைக் கடந்து வெஸ்ட் ஆர்ம் என்னும் மறுகரையை அடைந்து, பேருந்தில் வில்மட் கணவாய் வழியாக 22 கிலோமீட்டர் சென்று டீப் கோவ் துறையில் இறங்கி, மீண்டும் படகு ஏற வேண்டும். நாட்டின் பிற சாலைகளோடு இணையாத அந்த மலைச்சாலை, மானபூரி நிலத்தடி நீர்மின் நிலையத்துக்குக் கனரக எந்திரங்களைக் கொண்டுசெல்ல 1960-களில் போடப்பட்டது. அந்தத் திட்டத்துக்காக ஏரியின் மட்டத்தை உயர்த்த முயன்றபோது 1970-இல் 2,64,907 பேர் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். அன்றைய நியூசிலாந்து மக்கள்தொகையில் அது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. ஏரி இயல்பான மட்டத்தில் காப்பாற்றப்பட்டதால்தான் இன்று நாம் காடு சூழ்ந்த கரைகளுக்கு நடுவே அதைக் கடக்கிறோம். 671 மீட்டர் உயரமுள்ள வில்மட் கணவாயிலும் பனி விழும். ஆனால் ஹோமர் சுரங்கத்தருகே உள்ள அளவுக்குப் பனிச்சரிவுப் பாதைகள் அங்கே சாலையை அச்சுறுத்துவதில்லை. மில்ஃபோர்ட் சாலை மூடிய நாளிலும் டவுட்ஃபுல் பயணம் நடக்கக்கூடும் என்பதே அதன் குளிர்கால மதிப்பு. விலை கூடுதல், முழு நாள் ஆகும், குளிர்காலத்தில் புறப்பாடுகளும் குறைவு. படகிலேயே இரவு தங்கும் பயணங்கள் பொதுவாகக் கடுங்குளிர் மாதங்களில் ஓய்வெடுக்கும். அதை எண்ணி ஜூலையில் திட்டமிட வேண்டாம்.

இவற்றை எல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, வேனா பேருந்தா என்பதைவிட, டே அனாவில் எத்தனை இரவு என்பதே பெரிய கேள்வியாகிறது. ஒரே இரவு வைத்திருப்பவர் அடுத்த நாள் வானிலை எப்படி இருந்தாலும் போயே தீர வேண்டும் என்ற நெருக்கடியில் இருக்கிறார். அந்த நெருக்கடிதான் உறைந்த சாலையில் ஆட்களை இறக்குகிறது. மூன்று இரவு வைத்திருப்பவர் முன்னறிவிப்பைப் பார்த்து நல்ல நாளை மில்ஃபோர்டுக்கும், மற்றொன்றை டவுட்ஃபுல்லுக்கோ கெப்ளர் நடைபாதையின் ஏரிக்கரைப் பகுதியில் நடப்பதற்கோ ஒதுக்கலாம். என் தெரிவு இதுதான்: மூன்று இரவு டே அனாவ், மில்ஃபோர்டுக்குப் பேருந்து, சாலை மூடினால் டவுட்ஃபுல். உறைபனியில் ஓட்டிப் பழகியவர்கள், இரண்டு நாள் தொடர்ந்து தெளிவான முன்னறிவிப்பு இருந்தால் மட்டும், இதற்குப் பதிலாகக் காஸ்கேட் கிரீக்கில் ஓர் இரவு தங்கி வேனிலேயே போகலாம். பழகாதவர்களும் எக்லின்டன் பள்ளத்தாக்கு வரை பகலில் ஓட்டிச் சென்று திரும்புவதில் தவறில்லை. வேன் பயணத்தின் இன்பத்தில் பாதி அந்தப் பகுதியிலேயே கிடைத்துவிடும். எப்படிப் போனாலும் டீசலை டே அனாவில் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

எந்த வேன் என்பதும் இந்த முடிவைப் பொறுத்தே அமையும். ஹாலிடே பார்க்குகளில் மட்டும் தங்குபவர்களுக்கு, மின்சார ஹீட்டரைச் செருகிக்கொள்ளும் வசதியுள்ள எந்த வண்டியும் போதும். மின் இணைப்பில்லாத முகாமிடங்களில் தங்க நினைப்பவர்கள், எந்திரம் அணைந்திருக்கும்போதும் இயங்கும் டீசல் அல்லது எரிவாயு ஹீட்டர் உள்ள வேனையே கேட்டு வாங்க வேண்டும். ஹீட்டர் உண்டு என்ற விளம்பர வரியை மட்டும் நம்பாமல், எதில் இயங்குகிறது என்று எழுத்தில் கேட்பது நல்லது. 2023-இல் வந்த சட்டப்படி, பொது இடங்களில் கட்டணமின்றித் தங்குவதற்கான தன்னிறைவுச் சான்று பெற வேனுக்குள் நிலையாகப் பொருத்திய கழிவறை வேண்டும். நள்ளிரவில் உறைபனியில் வெளியே நடக்க வேண்டாம் என்பதற்காகவும் அது பயனுள்ளதுதான். மூச்சுக்காற்றின் ஈரம் கண்ணாடியில் படிந்து உறைவதைக் குறைக்க, குளிரானாலும் ஒரு சன்னலைச் சிறிது திறந்து வைக்க வேண்டும். குடும்பம் பெரிதென்றால் ஆறு பேர் படுக்கும் வண்டி வேண்டியிருக்கும். அப்போது மில்ஃபோர்ட் சாலையைப் பேருந்துக்கே விட்டுவிடுவதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதாலும், ஆங்கிலத்தில் அச்சிட்ட வெளிநாட்டு உரிமம் ஏற்கப்படுவதாலும் நம்மவர்களுக்கு ஓட்டத் தொடங்குவது எளிது. எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் கவனம் வேண்டும். குயின்ஸ்டவுனில் வண்டி எடுத்தால் டே அனாவ் 170 கிலோமீட்டர். வாகாட்டிப்பு ஏரிக்கரையின் வளைவுகளைத் தவிர அந்த வழியில் உயரமான கணவாய் ஏதும் இல்லை. வனாகாவுக்கும் போக நினைப்பவர்கள் 1,076 மீட்டர் உயரமுள்ள கிரவுன் ரேஞ்ச் சாலையைத் தவிர்த்து, குரோம்வெல் வழியாகச் சுற்றிப் போகலாம். கிறைஸ்ட்சர்ச்சில் வண்டி எடுப்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு, இரண்டும் ஏறத்தாழ 650 கிலோமீட்டர். ஒன்று டேக்கப்போ, புகாக்கி ஏரிகளைக் கண்டு, 971 மீட்டர் உயரமுள்ள லிண்டிஸ் கணவாயைக் கடந்து வருவது. அவோராகி (மவுண்ட் குக்) மலையின் காட்சியும், 2012 முதல் பாதுகாக்கப்பட்ட இருள்வானப் பகுதியின் விண்மீன்களும் இந்த வழியில்தான். மற்றொன்று கடலோரமாக டனீடின் சென்று, கோர் வழியாக மேற்கே திரும்புவது. காட்சி சாதாரணம், உயர்ந்த கணவாய் இல்லை. போகும்போது நாள்கள் கையில் இருப்பதால் லிண்டிஸ் வழியையும், விமான நேரம் துரத்தும் திரும்பும் பயணத்துக்குக் கடலோர வழியையும் வைத்துக்கொள்வது பொருத்தம். திரும்பும் நாளில் கணவாய் திறந்திருப்பதாக அறிவித்தால், அப்போது மாற்றிக்கொள்ளத் தடையில்லை.